மஞ்சள் கடுதாசியும் மானமும்

இராவணனின் கலக்கத்தைக் கடன்பட்டவர் நெஞ்சுக்கு ஒப்பிடும் வரி ஒன்று உண்டு. பட்டிமன்ற மேடைகளில் அது கம்பன் பெயராலேயே சொல்லப்பட்டு வருகிறது. கம்பராமாயணத்தில் அப்படியொரு வரி இல்லை. சென்ற ஆண்டு எங்கள் மாதக் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் விவாதித்தோம். பிற்கால நாடகப் புலவர் ஒருவருடையது என்றார் ஒருவர். தனிப்பாடலாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். கடைசி வரிசையில் நண்பர் ஒருவர் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். யாப்பைப் பற்றியோ பாடபேதத்தைப் பற்றியோ பேச்சு எழுந்தால் முதலில் வாய்திறப்பவர் அவர்தான். அன்று அவர் பேசாததை எங்களில் எவரும் கவனிக்கவில்லை. கூட்டம் நடந்த ஒன்பதாம் நாள் அவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

அவர் பெயரும் ஊரும் வேண்டாம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் கணினி அச்சுக்கோப்புக் கடை வைத்திருப்பவர். திருமண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பள்ளி வினாத்தாள் ஆகியவற்றால் பிழைப்பு. ஆண்டுக்கு இருமுறை ஒரு சிற்றிதழும் கொண்டுவந்தார். பதினோரு நாள்கள் கழித்துப் பழநி அடிவாரத்தில் ஒரு விடுதியில் இருப்பதாகத் தகவல் கிடைத்து எங்களில் இருவர் போய் அழைத்துவந்தோம். அவரிடம் ஐந்து கடன் அட்டைகள் இருந்தன. மொத்த நிலுவை 6,40,000 ரூபாய். "என்னுங்க பண்றது, ஒரு கார்டை இன்னொரு கார்டு தின்னுட்டு இருந்துச்சுங்க" என்றார். அவர் மனைவி எங்களிடம் சொன்னது இது: "எவ்வளவு கடன்னே எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன், ஏசியிருக்க மாட்டேனுங்க."

இந்தக் கட்டுரையை எழுத அவர் இசைவு தந்திருக்கிறார். எழுதியே தீர வேண்டியிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

*

கடன் அட்டையின் மாதாந்திரக் கணக்கில் இரண்டு தொகைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று மொத்த நிலுவை. மற்றொன்று குறைந்தபட்சமாகக் கட்ட வேண்டிய தொகை. இரண்டாவதைக் கட்டினால் போதும் என்ற நிம்மதியில்தான் கண்ணி இருக்கிறது. நிலுவை 1,00,000 ரூபாய், வட்டி மாதத்துக்கு 3.5%, குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5% எனக் கொள்வோம். அம்மாத வட்டி 3,500. அந்த வட்டியின்மேல் 18% சரக்கு மற்றும் சேவை வரி 630. கட்டுகிற 5,000 ரூபாயில் அசலுக்குப் போய்ச் சேர்வது 870 ரூபாய் மட்டுமே. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத் தவணைக்காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

இதை ஊர்மொழியில் சொன்னால் மூன்றரை ரூபாய் வட்டி. எங்கள் பகுதியில் ஒரு ரூபாய் வட்டி நியாயம், இரண்டு ரூபாய் வட்டி பொறுத்துக்கொள்ளத் தக்கது, மூன்று ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரைப் பற்றி மக்கள் சொல்லும் சொற்களை இங்கே எழுத முடியாது. அதே மூன்றரை ரூபாய் வட்டி, பளபளப்பான அட்டையாக உறையிலிட்டு வரும்போது அதைத் தகுதிச் சான்றாக எண்ணிப் பணப்பையில் வைத்துக்கொள்கிறோம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் அட்டைக்கு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே இவ்விஷயத்தில் வட்டிக்கு உச்சவரம்பு என்ற பாதுகாப்பு அட்டைதாரருக்கு இல்லை.

நண்பர் செய்ததையே பலரும் செய்கிறார்கள். முதல் அட்டையின் குறைந்தபட்சத் தொகையை இரண்டாவதிலிருந்து எடுத்துக் கட்டினார். இரண்டாவதற்கு மூன்றாவது. ஐந்தும் நிரம்பியபின் தெரிந்தவரிடம் கைமாற்று, மனைவியின் நகை அடகுக்கடையில், பிறகு தினத்தண்டல். அட்டையில் தொடங்கியது தண்டலில் வந்து நின்றது. தறிக்காரரின் கதை தண்டலில் தொடங்கி வாரக் குழுக்கடனுக்குப் போகும். லாரிக்காரரின் கதை டியூவில் தொடங்கும். தொடங்கும் இடம் வேறானாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்.

*

எங்கள் சமவெளி கடனில் நடக்கும் சமவெளி. இதை இழிவாகச் சொல்லவில்லை. நாமக்கல்லின் லாரிகளும் கோழிப்பண்ணைகளும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளும், சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் கடன் இல்லாமல் எழுந்திருக்க முடியாது. கடன் வாங்கத் துணிந்தவர்களால் உருவான ஊர்கள் இவை. ஆனால் வாங்கத் துணியக் கற்றுக்கொடுத்த இந்த மண், முடியாமற்போகும்போது என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

முடியாமற்போனால் என்ன செய்வார்கள்? நாங்கள் அறிந்தவை இவை: இன்னொரு கடன் வாங்குவார்கள். இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போவார்கள். வேறொரு தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி, பழைய முதலாளியின் முன்பணத்தை அடைத்து, புதியவரிடம் கட்டுண்டு கிடப்பார்கள். உடலின் ஒரு பகுதியை விற்பார்கள். அல்லது உயிரை விடுவார்கள்.

உடலை விற்பது என்பது உருவகம் அல்ல. 2025 ஜூலையில், ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் இக்கரையில் உள்ள பள்ளிபாளையத்தில், கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர்கள் வழியாக விற்கப்பட்ட செய்தி வெளிவந்தது. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. உறுப்பு விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. ஆனால் ஓர் உறுப்பை விற்றால் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கு இன்னும் உயிரோடிருக்கிறது.

அந்தக் கணக்கு தவறு என்பதற்குச் சான்று உண்டு. சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் 2001-இல் சந்தித்து எடுக்கப்பட்ட ஆய்வு ஒன்று, அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அவர்களில் 96% பேர் கடனை அடைப்பதற்காக விற்றவர்கள். அப்படி விற்றவர்களில் 74% பேருக்கு, ஆய்வு நடந்தபோதும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிறுநீரகம் போயிற்று, கடன் போகவில்லை.

எங்கள் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். கடனிலிருந்து மீளச் சட்டம் திறந்துவைத்திருக்கும் வழிகளை நாம் மானக்கேடு என்கிறோம். ஊரைவிட்டு ஓடுவதையும் உடலை விற்பதையும் உயிரை விடுவதையும் மானத்தின் கணக்கில் வைக்கிறோம். இந்த வரிசை தலைகீழானது. அதைத் திருப்பி வைக்க வேண்டும்.

*

சட்டம் என்ன சொல்கிறது? எங்கள் வட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். நண்பரின் காகிதங்களை அவரோடு உட்கார்ந்து படித்தபோதுதான் இவற்றுள் பெரும்பாலானவற்றை நாங்களே அறிந்தோம்.

கடனைத் திருப்பிக் கட்ட இயலாமை குற்றம் அல்ல. அட்டைக் கடன் உரிமையியல் விவகாரம். 'நாளைக் காலை போலீஸ் வரும்' என்று தொலைபேசியில் மிரட்டுகிறவர் பெரும்பாலும் பொய் சொல்கிறார். கொடுத்த காசோலை திரும்பிவருவதும் ஏமாற்றும் நோக்கோடு கடன் வாங்குவதும் வேறு. அவற்றில் குற்ற வழக்கு வரலாம். வெறும் இயலாமைக்கு அது பொருந்தாது. அட்டைக் கடனுக்கு வீடோ நிலமோ ஈடாக வைக்கப்படுவதில்லை. ஆகவே நீதிமன்றத்துக்குப் போகாமல் வீட்டைப் பூட்டி முத்திரையிடும் அதிகாரம் அதற்காக எந்த வங்கிக்கும் கிடையாது.

வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பாணை பெற்றாலும் சட்டம் கடனாளியிடம் சிலவற்றை விட்டுவைக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணிகலன், கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு. பணத்துக்கான தீர்ப்பாணையை நிறைவேற்ற எந்தப் பெண்ணையும் கைது செய்யக் கூடாது என்கிறது அதன் 56-ஆம் பிரிவு. வாசலில் நின்று 'உன்னை உள்ளே தள்ளுவேன்' என்று குழுக்கடன் வசூலிப்பவர் சொல்லக் கேட்டு நடுங்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆணுக்கும் பாதுகாப்பு உண்டு. கையில் பணமிருந்தும் கட்ட மறுப்பவரைத்தான் சிறையில் அடைக்கலாம், வெறும் வறுமைக்காக ஒருவரை அடைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று, கொச்சின் வங்கி தொடர்பான வழக்கில் 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார்.

வசூலுக்கும் வரம்பு உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியை அழைக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு வந்த நுண்கடன் விதிகள் இன்னும் கண்டிப்பானவை. காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் தொடர்ந்து அழைத்துத் தொல்லை தருவது, உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் துன்புறுத்துவது, கடன் வாங்கியவர் பெயரை வெளியிடுவது ஆகியவற்றை அவை தடைசெய்கின்றன. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அவ்விதிகளில் உண்டு. வரம்பு மீறப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாள்களில் பதில் இல்லாவிட்டாலோ பதில் நிறைவு தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். தனியாரின் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் இயற்றியிருக்கிறது. தறிக்கூடத்து முன்பணம் கொத்தடிமைத்தனமாக மாறியிருந்தால், 1976-ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டப்படி அக்கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பே இல்லாமற்போகிறது.

பேச்சுவார்த்தை அடுத்த வழி. நீண்டநாள் நிலுவையை ஒரே தவணையில் குறைத்துத் தீர்த்துக்கொள்ள வங்கிகள் இசைவதுண்டு. இதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. இன்ன தொகையோடு கணக்கு முடிகிறது என்ற கடிதம் கைக்கு வருமுன் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லை. இரண்டாவது, அப்படித் தீர்த்த கணக்கு கடன் வரலாற்றில் முழுமையாகக் கட்டப்பட்டதாகப் பதிவாகாது. குறைத்துத் தீர்க்கப்பட்டதாகவே பதிவாகும். பிற்பாடு கடன் கிடைப்பது கடினமாகலாம். கடன் கிடைக்காமலிருப்பது சிலருக்குச் சில ஆண்டுகள் நன்மையே என்பது எங்கள் எண்ணம். மக்கள் நீதிமன்றத்திலும் இத்தகைய சமரசம் செய்துகொள்ளலாம். அங்கே எட்டப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

*

கடைசி வழி, மஞ்சள் கடுதாசி. 'ஐ.பி. கொடுத்துவிட்டான்' என்று எங்கள் ஊர்களில் சொல்லும்போது குரல் தாழும். திருமணச் சம்பந்தம் பேசும் இடத்தில் மூன்று தலைமுறைக்கு முந்தைய ஐ.பி.யை நினைவூட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அது உண்மையில் என்ன? சென்னை போன்ற மாநகரங்களுக்கு வெளியே இன்றும் நடப்பிலிருப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். கடன் 500 ரூபாயை எட்டியிருந்தால், அதைத் தீர்க்க இயலாதவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்கிறது அச்சட்டம். அந்தத் தொகையிலிருந்தே அதன் வயதை அறியலாம். நீதிமன்றம் அவரை நொடித்தவர் என அறிவித்தால், ஜப்தி செய்யக் கூடாத பொருள்கள் நீங்கலாக அவருடைய சொத்துகள் நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் அலுவலரின் பொறுப்புக்குப் போகின்றன. அவை கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கிடப்படும். கைதுக்கு எதிரான பாதுகாப்பை அவர் கேட்டுப் பெறலாம். உரிய காலத்தில் விடுவிப்பு ஆணை கிடைத்தால் அதற்கு உட்பட்ட பழைய கடன்கள் தீர்ந்தவையாகின்றன.

இது ஏமாற்றுக்காரரின் புகலிடம் என்பார்கள். சட்டம் அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. நொடிப்பு அறிவிக்கப்படுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள், உரிய விலை பெறாமல் மைத்துனர் பெயருக்கு வீட்டை எழுதிவைத்திருந்தால் அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். மோசடியால் ஏற்பட்ட கடனுக்கு விடுவிப்பு இல்லை. ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு ஐம்பது காசு அளவுக்கேனும் சொத்து இல்லாவிட்டால், அந்நிலை தம் குற்றத்தால் வந்ததன்று என அவர் மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே மஞ்சள் கடுதாசி எளிய வழியன்று. ஆண்டுகள் இழுக்கும், வழக்குச் செலவு உண்டு, அதற்குரிய தகுதியிழப்புகளும் உண்டு. சிறுதொகைக் கடனுக்கு அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று எண்ணுகிறவருக்கு இப்படியொரு கதவு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

இங்கே அரசின் மீதும் எங்களுக்குக் குறையுண்டு. 2016-இல் நொடிப்பு மற்றும் திவால் நெறித்தொகுப்பு வந்தது. நிறுவனங்களுக்கான பகுதி உடனே நடைமுறைக்கு வந்து, பெரும் நிறுவனங்கள் பல்லாயிரம் கோடிக் கடனைக் குறைத்துக்கொண்டு புதிய உரிமையாளரிடம் மறுவாழ்வு பெற்றன. அதைச் 'சீரமைப்பு' என்கிறோம். தனிமனிதருக்கான பகுதியோ, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் நடைமுறைப்படுத்தப்படவில்லை. அதில் ஏழைகளுக்கென எழுதப்பட்ட 'புதுத் தொடக்க'த்துக்கான வரம்புகள் இவை: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000 ரூபாய்க்குள், கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடும் இருக்கக் கூடாது. நாளையே அது நடைமுறைக்கு வந்தாலும் பள்ளிபாளையத்தில் எத்தனை பேர் அந்த வாசலுக்குள் நுழைய முடியும்? ஆலைக்குச் சீரமைப்பு, தறிக்காரருக்கு மஞ்சள் கடுதாசி என்ற இந்தப் பாகுபாடு மொழியிலும் இருக்கிறது, சட்டத்திலும் இருக்கிறது.

*

கடனைத் தள்ளுவது அறமா என்று கேட்பவர்களுக்கு இந்த மண்ணின் வரலாற்றிலிருந்தே பதில் உண்டு. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்தவர் இராஜாஜி. 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். 1929-இல் அங்கிருந்துதான் கல்கியைத் துணையாகக் கொண்டு 'விமோசனம்' என்ற மதுவிலக்கு இதழை நடத்தினார். இலக்கிய வாசகர்களாகிய நாம் அந்த இதழை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1938-இல் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை மறந்துவிட்டோம்.

அச்சட்டம் செய்தது துணிச்சலான காரியம். 1932 அக்டோபருக்கு முன் விவசாயிகள் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் முதல் நாளன்று நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் ரத்தாயிற்று. அத்தகைய கடனில் அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியவருக்கு அசலும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. வட்டி அசலை விஞ்சக் கூடாது என்ற பழைய இந்திய மரபின் சாயல் அதில் இருக்கிறது. இராஜாஜி சிக்கனத்தையும் கட்டுப்பாட்டையும் வலியுறுத்தியவர். கடனை ஏமாற்றுவதற்கு ஊக்கம் தருபவர் என்று எவரும் அவரைச் சொல்ல முடியாது. அவரே ஒரு கட்டத்துக்கு மேல் கடன் தீர்ந்தது என்று சொல்லும் பொறுப்பு சமூகத்துக்கு உண்டு எனக் கண்டார். எல்லாத் தரப்பும் இதை ஏற்கவில்லை. அன்றும் கடன் கொடுத்தவர்கள் எதிர்த்தார்கள்.

கடன் கொடுத்தவரின் பக்கத்தையும் நாங்கள் மறக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கைமாற்றாகக் கொடுத்த 50,000 ரூபாயும், வங்கி தன் கணக்கில் ஓர் ஓரத்தில் எழுதும் 50,000 ரூபாயும் ஒன்றல்ல. தீர்க்கும் வரிசையில் ஆசிரியை முன்னே நிற்க வேண்டும் என்பதே நண்பருக்கு நாங்கள் சொன்ன யோசனை. கடன் கொடுத்தவர் கண்ணில் படாமல் ஓடுவது அவருக்கும் நேர்மையன்று. எல்லாக் கணக்கையும் மேசைமேல் வைத்து, 'இருப்பது இவ்வளவு, வருவது இவ்வளவு' என்று சொல்வதே நேர்மை. அந்த வகையில் பார்த்தால் மஞ்சள் கடுதாசி கொடுப்பவர் ஓடிப்போகிறவரைவிட மானமுள்ளவர். அவர் நீதிமன்றத்தில் தம் பெயரைச் சொல்லி நிற்கிறார்.

*

நண்பரின் நிலை இதுதான். இரண்டு அட்டைகளின் கணக்கைக் குறைத்துத் தீர்த்தாயிற்று. ஒன்று மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. மற்ற இரண்டும் தவணையில் போகின்றன, இன்னும் மூன்றாண்டுகள் ஆகும். நகை அடகில்தான் இருக்கிறது. வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. கணக்கை இப்போது அவர் மனைவி எழுதுகிறார். தொலைபேசி ஒலித்தால் நண்பரின் கை இன்னும் நடுங்குகிறது. அதற்காகவும் மருத்துவரைப் பார்க்கிறார். இதே நிலையில் இருந்து, உயிரைப் பற்றிய எண்ணம் வரும் எவரும் 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைக்க வேண்டுகிறோம். இரண்டும் கட்டணமில்லாதவை.

முதலில் சொன்ன அந்த இன்னொரு காரணம் இது. அவருடைய அட்டைக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தபோது, தாயாரின் மருத்துவச் செலவுக்கும் கடை வாடகைக்கும் நடுவே ஓர் அச்சகத்தின் பெயர் இருமுறை வந்தது. சிற்றிதழின் கடைசி இரண்டு இதழ்களுக்கான அச்சுக்கூலி. அவற்றில் எங்கள் கட்டுரைகள் வந்திருந்தன. வடிவமைப்பு நன்றாக இருப்பதாகப் பாராட்டிக் கடிதம் எழுதியவர்களும் நாங்கள்தாம். எங்களில் மூவர் சந்தா கட்டியிருக்கவில்லை.

சிற்றிதழ் நடத்திக் கடன்பட்டவர்களைப் பற்றி நம்மிடையே ஒரு வீரவழிபாடு உண்டு. மனைவியின் தாலியை அடகு வைத்து இதழ் கொண்டுவந்த கதைகளை நெகிழ்ந்து சொல்லி வருகிறோம். கடன்பட்டு மாண்டவரைக் காவிய நாயகராக்கும் கதைகளையும் நாம் விரும்பியே படித்தோம். அடகு வைத்தவளிடம் ஒருமுறையும் கேட்டதில்லை. நொடித்துப்போன பின்னும் உயிரோடிருந்து, சந்தைக்குப் போய்க் காய் வாங்கி, நாளெல்லாம் வேலை செய்து, தவணை கட்டுகிற மனிதரின் கதை நம் இலக்கியத்தில் எவ்வளவு இருக்கிறது? அவரை எழுதாமல் விட்டதும் மானத்தைப் பற்றிய அந்தத் தலைகீழ் வரிசைக்குத் துணைபோனதே ஆகும்.

இனிமேல் மாதக் கூட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம், எங்கள் வழக்கறிஞர் நண்பர் அங்கேயே அமர்ந்திருப்பார். கடன் கணக்கோ வங்கிக் கடிதமோ வசூல்காரர் அனுப்பிய நோட்டீஸோ இருந்தால் பையில் போட்டு எடுத்துவரலாம். யாரும் பெயர் கேட்கமாட்டார்கள். சென்ற கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் இருவர் பல ஆண்டுகளாக எங்களோடு இலக்கியம் பேசிக்கொண்டிருப்பவர்கள்.